மஞ்சள் நீரில் ஊறிய பந்து

அத்தியாயம் 14

சென்ற வாரம் படிக்காமல் விட்டவர்கள் கவலைப்படாதீர்கள், கண்ணுகளா. மலாக்காவில், காஜா பேராங்கில் ராஜரத்தினத்தின் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒருத்தி சந்திரமதி, அவனுடைய தங்கை. மற்றவள் பூங்காவனம், அவன் மனைவி பாக்கியலட்சுமியின் தங்கை. இருவரும் ஒரே கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி எடுக்கிறார்கள். இருவரும் கூடைப்பந்து ஆடுகிறார்கள். தொல்லை எங்கே வந்ததென்றால், இருவரும் ஆடுவது ஒரே இடம். பந்தை வாங்கிக்கொண்டு முன்னே போய், மற்ற நாலு பேரையும் நடத்துகிறவளின் இடம்.

மெர்டேக்கா, நம் சுதந்திரம், வந்து இரண்டு வருடம் நிறையப் போகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்குக் கோலாலம்பூரில் பந்தயம். மலாக்காவிலிருந்து பெண்கள் குழு ஒன்று போகிறது. நடத்துகிறவள் ஒருத்திதான். இன்னொருத்தி பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பூங்காவனத்துக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. சந்திரமதிக்கு அப்படி இல்லை. டிசம்பரில் படிப்பு முடிந்தால் ஏதாவது ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கே கூடையும் இராது, பந்தும் இராது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

இரண்டு மாதமாக அந்த வீட்டில் சாப்பாட்டோடு இதே பேச்சுத்தான். யார் கெட்டி, யாருக்குப் புத்தி அதிகம், யார் சொன்னால் மற்ற பெண்கள் கேட்பார்கள். பாசாரில் கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். கேட்டுக் கேட்டு அந்தப் பெண்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தேர்வு ஆட்டம் என்று போன வாரம் சொன்னேன். இது அந்தச் சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமையே சந்திரமதி வீட்டுக்கு விலக்காகிவிட்டாள்.

அந்த வீட்டில் அதற்கென்று பின்னால் ஒரு சின்ன அறை. தனிப் பாய், தனித் தட்டு, தனிக் குவளை. மூன்று நாள் யாரையும் தொடக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பாக்கியலட்சுமி பிறந்த வீட்டில் எப்படியோ, வந்த வீட்டிலும் அப்படியே நடத்தினாள். கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கும் வீட்டுக்குள் வந்தால் அதே சட்டம்.

தேர்வு ஆட்டத்துக்கான புதுப் பந்தைப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை மிஸ் சியா சந்திரமதியிடம்தான் கொடுத்து அனுப்பியிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வந்த தோல் பந்து. சந்திரமதி அதைப் பாயின் ஓரத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால் பந்து இல்லை.

குளிக்கிற இடத்தில் பெரிய அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர். அதற்குள்ளே பந்து. அது மிதக்காமல் இருக்க அம்மிக் குழவியை மேலே ஏற்றி அமுக்கி வைத்திருந்தாள் பாக்கியலட்சுமி.

சந்திரமதி குழவியைத் தள்ளிவிட்டுப் பந்தை எடுத்தாள். இரண்டு கையும் கீழே இழுத்தன. தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தோல் உப்பியிருந்தது. ஊறிப்போன செருப்பின் நாற்றம், அதன்மேல் மஞ்சள் வாசனை. தரையில் போட்டுப் பார்த்தாள். 'சொத்'தென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

"என்ன அண்ணி இது?"

"நீ தொட்ட பொருள். அதைப் பத்துப் பொண்ணுங்க தொடப்போறாங்க. கழுவ வேண்டாமா?"

"இது தோலு அண்ணி. வெண்கலச் சொம்பு இல்லை."

தோல் என்றால் ஏன் கழுவக்கூடாது என்று பாக்கியலட்சுமிக்கு உண்மையாகவே தெரியவில்லை. மாட்டுத் தோல் வீட்டுக்குள் வந்ததே தனக்குப் பிடிக்கவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன் என்றாள்.

சந்திரமதிக்கு வாயில் வந்துவிட்டது.

"உங்க தங்கச்சி போகணும்னுதானே இப்படிப் பண்ணீங்க?"

பாக்கியலட்சுமி குழவியை எடுத்து மூன்று தரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவள் முகம் அறை வாங்கின முகம் மாதிரி இருந்தது.

ராஜரத்தினம் அந்த நேரத்தில் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். விலக்காக இருக்கிற பெண்ணோடு அவன் நேராகப் பேசமாட்டான். மனைவியைக் கூப்பிட்டு, இந்த நிலையில் சந்திராவை வெளியே அனுப்ப முடியாது, கணேசமூர்த்தி அண்ணனைப் பார்த்து வேறு நாளில் அவளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். கணேசமூர்த்தி தேர்வுக் கமிட்டியில் இருக்கிற ஒரே தமிழர். தபால் இலாகாவில் பெரிய உத்தியோகம்.

கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. தங்கைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அதுதான் இன்னும் மோசம்.

அவன் சைக்கிள் முனை திரும்பியதும் சந்திரமதி குளித்தாள். முழுக்கால் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். பந்தைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பின் கதவு வழியாக இறங்கினாள். அடுப்படியில் நின்ற பாக்கியலட்சுமி அவளைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சந்தில் பூங்காவனம் சைக்கிளோடு நின்றிருந்தாள்.

"ஏறு" என்றாள்.

"என்னைத் தொட்டா நீ திரும்பக் குளிக்கணும்."

"ஆடி முடிச்சா எப்படியும் குளிக்கத்தானே போறேன். ஏறு லா."

தெங்கேரா பக்கம் ஒரு சீனப் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் திடலில் தேர்வு. மற்ற பெண்களோடு நிழலில் உட்கார்ந்து பந்தை வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைத்துப் பார்த்தார்கள். காயவில்லை. மேல்தோல் மட்டும் விறைத்துக்கொண்டது. பழைய பந்தின் ரப்பர் போன வாரமே வெடித்துவிட்டது. மிஸ் சியா பந்தைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். என்ன நடந்தது என்று சந்திரமதி மலாயில் சொன்னாள். மிஸ் சியா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பந்துதான், இதிலேயே ஆடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நிழலில் ஒரு மேசை. அதைச் சுற்றிக் கமிட்டி ஆண்கள் நாலு பேர். கணேசமூர்த்தி நடுவில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் ராஜரத்தினம். தங்கையைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். அப்புறம் உட்கார்ந்தான்.

கணேசமூர்த்தி பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். மேசை நெடுகச் சிரிப்பு ஓடியது. பிறகு நாலு பேரும் ஒரே நேரத்தில் சந்திரமதியின் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள்.

என்ன சொல்லியிருப்பார் என்பதைச் சந்திரமதி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு முழுவதும் புழு ஊர்வது போலிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் கால் திரும்பியது.

கணேசமூர்த்தி மிஸ் சியாவைக் கூப்பிட்டு, இந்தப் பெண் இன்றைக்கு ஆடத் தகுதியாக இல்லை, அவள் அண்ணனே காலையில் வந்து சொன்னார் என்றார். மிஸ் சியா அவரைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்ன பதில்.

ஒரு பக்கம் ஐந்து பெண்களுக்குச் சந்திரமதி. எதிர்ப்பக்கம் ஐந்து பேருக்குப் பூங்காவனம்.

பூங்காவனத்தின் ஆட்டம் எப்படியென்றால், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே பாம்பு மாதிரி நெளிந்து போய்விடுவாள். அவளை நிறுத்த ஆளே கிடையாது. இன்றைக்கு முதல் தட்டிலேயே பந்து முழங்கால் வரைகூட எழும்பவில்லை. அவள் குனிந்து அதைத் தேடும்போது வேறொருத்தி எடுத்துக்கொண்டு போனாள். பூங்காவனம் விடவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். பந்து பக்கவாட்டில் ஓடியது. துரத்திக்கொண்டு போய்ச் சிமெண்டில் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி விழுந்தாள்.

சந்திரமதி பந்தைத் தரைக்கே விடவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தன் நாலு பேரையும் கிட்டே கூப்பிட்டு, தட்டாதீர்கள், கைக்குக் கை கொடுங்கள், ஓரடிக்கு மேல் பந்தோடு நகராதீர்கள் என்று சொல்லியிருந்தாள். பந்து கனம் என்பதால் எதிர்பாராமல் வந்தால் விரல் மடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தரமும் எறிவதற்கு முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் இரண்டு கையும் தயாராக விரிந்தன. பிறகுதான் பந்து போனது. கூடைக்கு மிக அருகில் போனபிறகுதான் மேலே எறியச் சொன்னாள்.

வெயிலும் ஓட்டமும் சேர்ந்து பத்துப் பெண்களின் உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சந்திரமதியின் பக்கம் ஜெயித்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஜெயம்.

ஆனால் மேசைக்கு ஆட்டம் கண்ணில் படவில்லை. பூங்காவனத்தின் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து காலுறை வரை போயிருந்தது. அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். கணேசமூர்த்தி எழுந்து நின்றே தட்டினார்.

"பாத்தீங்களா, ரத்தம் கொட்டுது, துடைக்கக்கூட இல்லை. இதுதான் கெட்டி. குழுவை நடத்தணும்னா இந்த மாதிரிப் பொண்ணு வேணும். அந்தப் பொண்ணு இன்னிக்கு வீட்டைவிட்டே வந்திருக்கக் கூடாது."

பூங்காவனம் நொண்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"நான் விழுந்தேன் சார். அதான் ரத்தம். அவ ஒரு தடவைகூட விழலை. நீங்க விழுந்தவளுக்குக் கை தட்டுறீங்க."

கணேசமூர்த்தி அவளைத் தட்டிக்கொடுக்கப் போனார். அவள் தோளை இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் சைக்கிளைச் சந்திரமதி ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சந்திரமதி நேராகப் பின்னறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பாக்கியலட்சுமி தங்கையின் முழங்காலைக் கழுவித் துணி கட்டினாள். அந்த வேலையெல்லாம் முடிந்தபிறகு, பந்து அப்படி ஆகும் என்று தெரியாது என்று பின்னறைப் பக்கம் பார்த்துச் சொன்னாள். அதனால் தன் தங்கைதான் விழுந்தாள் என்பதையும் சொன்னாள். சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டு, காலையில் பேசினது தப்பு அண்ணி என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் ராஜரத்தினம் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கையில் கோழி.

மிஸ் சியா விடாப்பிடியாக நின்றுவிட்டாளாம். நடத்துகிறவள் சந்திரமதிதான், இல்லாவிட்டால் தான் குழுவோடு போகமாட்டேன் என்றாளாம். கமிட்டி கடைசியில் ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி. கணேசமூர்த்தி அண்ணன் இன்றைக்கு இங்கேதான் சாப்பிட வருகிறார். அந்த விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டால் காலையில் பெயர் கோலாலம்பூருக்குப் போய்விடும்.

"என்ன விஷயம்?" என்றாள் பாக்கியலட்சுமி, மிளகாய் அரைத்துக்கொண்டே.

ராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினான்.

"பந்தயம் நடக்கிற வாரத்துல சந்திராவுக்கு எப்படி இருக்கும்னு கேக்கிறாங்க. நீதானே பாத்துக்கிறே. கணக்குப் போட்டுச் சொல்லு."

அம்மி நின்றது.

"யாருக்குச் சொல்ல?"

"அண்ணனுக்கு. அவரு கமிட்டியில சொல்லுவாரு. அந்த நாள்ல வந்தா வேற பொண்ணை வெச்சுக்குவாங்க. அதுல என்ன தப்பு?"

"காலையில அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். பொய்யா சொல்லுவேன்?"

பாக்கியலட்சுமி எழுந்தாள். கையில் மிளகாய் அப்படியே இருந்தது. தன் புருஷனை அவள் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. சோற்றில் கிடந்த கரப்பான்பூச்சியைப் பார்க்கிற பார்வை அது.

"எங்க வீட்டில இது எங்கப்பாவுக்கே தெரியாது. தட்டு மாறியிருக்கிறதைப் பாத்துத் தெரிஞ்சுக்குவாரு. வாயைத் திறக்க மாட்டாரு. பொம்பளைங்க எங்களுக்குள்ள வெச்சிருக்கிறதை நீங்க எடுத்துட்டுப் போய், நாலு ஆம்பளைங்க தண்ணி குடிக்கிற மேசையில வெச்சிட்டு வந்திருக்கீங்க. சீ."

அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். தண்ணீர் ஊற்றினாள். புகை எழுந்து ராஜரத்தினத்தின் கண்ணில் பட்டது.

பிறகு படுக்கையறைக்குப் போய்த் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நானும் விலக்கு."

"நீ போன வாரம்தானே..." என்று தொடங்கினான் ராஜரத்தினம்.

"பாத்தீங்களா, உங்களுக்கே கணக்குத் தெரியுதே. நான் எதுக்கு?"

பின்னறையில் சந்திரமதியின் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பூங்காவனமும் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு தன் பாயோடு வந்தாள்.

"நானும் தான் அத்தான்."

அந்த அறை ஒருத்திக்குத்தான் போதும். மூன்று பேரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். விலக்கானவள் கையால் சமைத்ததை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். ராஜரத்தினம் வளர்ந்ததே அந்தச் சட்டத்தில்தான். இறகு உரிக்காத கோழியோடு அவன் அடுப்படியில் நின்றான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கணேசமூர்த்தி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ரொம்ப என்றார். பசி வந்துவிட்டது என்றார். கோழி வாசனை இன்னும் வரவில்லையே என்று கேலி செய்தார். வீட்டுக்கார அம்மாவைக் காணோமே என்று விசாரித்தார்.

ராஜரத்தினம் வாயைத் திறந்தான். மூடினான். காலையில் தங்கையைப் பற்றி அத்தனை சுலபமாகச் சொன்ன வாய்க்கு, இப்போது மனைவியைப் பற்றி அதே சொல்லைச் சொல்ல வரவில்லை. காது மடல் வரை சிவந்து நின்றான்.

"என்னய்யா, ஊமையாயிட்டே? சரி, சாப்பாடு அப்புறம் ஆகட்டும். தேதியைச் சொல்லு."

அடுப்படி இருட்டிலிருந்து சந்திரமதி கூடத்துக்கு வந்தாள். விலக்கான நாட்களில் கூடத்தில் அவள் கால் பட்டதே இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணேசமூர்த்தி அவளைப் பார்த்ததும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிக் கட்டையின்மேல் வைத்துக்கொண்டார்.

"நான் ஆடுவேன் சார். எந்தத் தேதியா இருந்தாலும் ஆடுவேன். இன்னிக்கு நீங்களே பாத்தீங்க. அதுக்கு மேல எதுவும் என் அண்ணன்கிட்ட கேக்காதீங்க."

கணேசமூர்த்தி தூக்கிய கால் தூக்கியபடியே ராஜரத்தினத்தைப் பார்த்தார்.

"உன் தங்கச்சியை உள்ள போகச் சொல்லு."

ராஜரத்தினம் தங்கையைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் பார்த்தான். அவன் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"அண்ணே, இன்னிக்கு நீங்க வீட்டில போய்ச் சாப்பிட்டுக்குங்க."

கணேசமூர்த்தி எழுந்தார். வாசல்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார். பெயர் காலையில் போகும், எந்தப் பெயர் என்று எழுதுகிற பேனா தன்னிடம்தான் இருக்கிறது என்று, யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜரத்தினம் அவர் பின்னாலேயே வாசல் வரை போய், அதற்கு மேல் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

சந்திரமதி அவர் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பாக்கியலட்சுமி அதைப் பார்த்தாள். எழுந்திரு என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை.